பாலின் பாதுகாப்பு தீவன மூட்டையில் தொடங்குகிறது

திருவான்மியூர் மருந்தீசுவரருக்குப் பால்வண்ணநாதர் என்றும் பெயர் உண்டு. காமதேனு பால் சொரிந்து வழிபட்ட தலம் என்கிறது தலபுராணம். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று விடிவதற்கு முன்பே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது பால் பாக்கெட். ஆவின் ஆனாலும் தனியார் பால் ஆனாலும், பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றுகிறவர் மனத்தில் எழும் சந்தேகம் ஒன்றுதான்: இதில் எதைக் கலந்திருக்கிறார்கள்? யூரியாவா, சோப்புத்தூளா, ஃபார்மலினா? 2017இல் அன்றைய பால்வளத் துறை அமைச்சரே தனியார் பாலில் ரசாயனம் கலப்பதாகக் குற்றம் சாட்ட, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கும் எந்தத் தாய்க்கும் இந்த அச்சம் வருவது இயல்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம்மிடம் இருக்கும் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நாம் காவல் நிற்கும் இடம் தவறு என்பது புரியும். பால் கறந்த பிறகு அதில் எதைச் சேர்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கறப்பதற்கு முன் மாடு எதைத் தின்றது என்று கேட்க மறந்துவிட்டோம்.

சான்று எங்கிருந்து வருகிறது? 2018 மே முதல் அக்டோபர் வரை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் நாடு முழுவதும் 1,103 நகரங்களிலும் ஊர்களிலும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. சோதித்த பாலில் சுமார் 93 விழுக்காடு குடிக்கப் பாதுகாப்பானது என்பது முதல் செய்தி. கலப்படப் பொருள் பிடிபட்டவை 6,432இல் வெறும் 12 மாதிரிகள் என்பது இரண்டாவது செய்தி. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறில், சோப்பு வகை மூன்றில், யூரியா இரண்டில், புளிப்பை மறைக்கும் காரப்பொருள் ஒன்றில் இருந்தது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டுப் பால் இல்லை. நமக்கு மிக முக்கியமானது மூன்றாவது செய்தி. ‘ஆஃப்ளடாக்சின் எம்1’ என்ற பூஞ்சை நச்சு 368 மாதிரிகளில் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. மாநில வாரியாக எண்ணிக்கையைப் பார்த்தபோது முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. ஆறில் ஒன்று என்று சொல்லிவிடலாம். அடுத்து தில்லி, 262இல் 38. பிறகு கேரளம், 187இல் 37. கலப்படத்தில் கறைபடாத மாநிலம் பூஞ்சை நச்சில் முன்னே நிற்கிறது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் படிக்காமல் நம் ஊர்ப் பாலைப் பற்றி எதையும் சரியாகப் பேச முடியாது.

இந்த நச்சை யாரும் பாலில் கலப்பதில்லை. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் போன்றவை சரியாகக் காயாமல் மூட்டை கட்டப்பட்டாலோ, ஈரம் படும் இடத்தில் அடுக்கப்பட்டாலோ, ‘ஆஸ்பெர்ஜில்லஸ்’ இனத்தைச் சேர்ந்த சில பூஞ்சைகள் அவற்றில் வளர்கின்றன. வளரும்போது அவை உண்டாக்கும் நச்சுகளில் மிகக் கொடியது ஆஃப்ளடாக்சின் பி1. அதைத் தின்ற மாட்டின் கல்லீரல் அந்த நச்சை உடைத்து வெளியேற்றப் பார்க்கிறது. அப்போது உருமாறி வருவதுதான் எம்1. அதில் ஒரு பகுதி மடிக்கு வந்து பாலில் இறங்கிவிடுகிறது. கெட்ட தீவனம் தின்ற ஒரு நாளுக்குள்ளேயே பாலில் அது தெரியும். தீவனத்தை மாற்றினால் மூன்று நான்கு நாள்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆஃப்ளடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. தாக்குவது முக்கியமாகக் கல்லீரலை. ஹெபடைடிஸ்-பி தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுகிறது. உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகப் பால் குடிப்பவர்கள் குழந்தைகள் என்பதால், கவலை அவர்களைப் பற்றித்தான் முதலில் எழ வேண்டும்.

இப்படி ஒரு நச்சு இருக்கிறது என்று உலகம் அறிந்ததே விலங்குகளின் சாவிலிருந்துதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. கால்நடை ஆய்வாளர்கள் தீவனத்தைத் தொடர்ந்து போனார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள், அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் நச்சு வருகிறது என்பதை அங்கேயே கண்டறிந்தார்கள். நம் நாட்டின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையிலுள்ள பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கானோருக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்கோப்பும் வந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்தபோது வெளிப்பட்ட செய்தி இது: மனிதருக்கு நோய் வருவதற்கு முன்பே, அதே வீடுகளில் அதே சோளத்தைத் தின்ற நாய்களுக்கு அதே நோய் வந்திருந்தது. நாயைப் பார்க்க ஒரு கால்நடை மருத்துவரும், அவர் சொல்வதைக் கேட்க ஒரு பொதுச் சுகாதார அதிகாரியும் அங்கே இருந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும். கால்நடைப் பொதுச் சுகாதாரம் என்ற துறையின் தேவையை விளக்க இதற்கு மேல் ஒரு நிகழ்ச்சி வேண்டாம்.

தீவனத்துக்கும் பாலுக்கும் உள்ள உறவைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறக்கும் ஒரு மாடு ஐந்து கிலோ அடர்தீவனம் தின்கிறது என்று கொள்வோம். தின்ற பி1 நச்சில் சுமார் நூற்றில் இரண்டு பங்கு எம்1 ஆகப் பாலில் இறங்கும். நிறையக் கறக்கும் மாட்டில் இது இன்னும் கூடும். கலப்புத் தீவனத்துக்கான இந்தியத் தரநிலை அனுமதிக்கும் பி1 அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அந்தத் தீவனத்தைத் தின்றால் மாட்டுக்குள் போவது 100 மைக்ரோகிராம், பாலில் வருவது 2, லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம். இந்தியாவில் பாலுக்குரிய வரம்பு 0.5 என்பதால் இந்தப் பால் தேறிவிடும். தீவனத்தில் நச்சு கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் இருந்தால் பாலில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரும். வரம்பைப் போல இரண்டு மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் கறவை மாட்டுத் தீவனத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் விடுவதில்லை, பாலில் 0.05க்கு மேல் விடுவதில்லை. அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும். பாலின் வரம்பைக் காப்பாற்றுவது பால் பண்ணையின் இயந்திரம் இல்லை, தீவனத்தின் வரம்புதான் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

நாம்தான் பாலை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கிறோமே, பிறகு என்ன கவலை என்று கேட்கலாம். காய்ச்சுவது மிக நல்ல பழக்கம். காசநோய்க் கிருமி, புரூசெல்லா போன்ற கிருமிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக நம்மைக் காத்தது அதுதான். ஆனால் எம்1 ஒரு கிருமி இல்லை. வெப்பத்துக்கு அசையாத வேதிப்பொருள். பாஸ்டரைசேஷனும் அதை அழிப்பதில்லை, வீட்டு அடுப்பும் அழிப்பதில்லை. பாலிலுள்ள கேசீன் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் பன்னீரிலும் சீஸிலும் அதன் செறிவு கூடுகிறது. பெரிய நிறுவனப் பால் என்றால் பயமில்லை என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. பல ஊர்ப் பால் ஒரே தொட்டியில் கலக்கும்போது தனி மாட்டின் உச்ச அளவு தணியும் என்பது உண்மைதான். ஆனாலும் 2018 ஆய்வில் இந்த நச்சு கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அதிகம் தென்பட்டது. ஒரு மாட்டின் தவறு என்றால் தொட்டியில் கரைந்துபோயிருக்கும். தொட்டியிலும் தெரிகிறது என்றால், ஒரு வட்டாரத்தின் தீவனமே கெட்டிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஒரே ஓர் ஆய்வை வைத்து இவ்வளவு பேசலாமா, 551 மாதிரி தமிழ்நாட்டுப் பால் முழுவதற்கும் சாட்சியாகுமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. மாதிரி எடுத்த மாதங்கள், இடங்கள், சோதனை முறை எல்லாவற்றுக்கும் முடிவில் பங்கு உண்டு. மறு ஆண்டே எடுத்தால் எண் மாறலாம். ஆனால் எண்ணில் பாதி தவறு என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டில் ஒரு மாதிரி வரம்பு மீறுகிறது. குழந்தைகள் அன்றாடம் குடிக்கும் ஒரு பொருளில் அதுவே அதிகம். ஆய்வு போதாது என்றால் அதற்கு மருந்து ஆண்டுதோறும், பருவந்தோறும் ஆய்வு செய்வதே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிடங்கு ஈரமாக இருக்கும்போது ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை என்று மாவட்ட வாரியாக எடுத்து வெளியிட்டால் சந்தேகம் தானே தீரும். இன்னொரு பக்கம், இதைப் படித்துவிட்டு யாரும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. வரம்புகள் வாழ்நாள் முழுதும் குடிப்பதைக் கணக்கில் கொண்டு வைத்தவை. ஒரு டம்ளர் பாலால் யாருக்கும் எதுவும் ஆகாது. வளரும் பிள்ளைக்குப் பால் தரும் புரதத்தையும் கால்சியத்தையும் அச்சத்தால் இழப்பது பெரிய நஷ்டம். கேட்க வேண்டியது பாலை நிறுத்துவதை அன்று, நச்சை அதன் ஊற்றிலேயே நிறுத்துவதை.

ஊற்றில் நிறுத்தவிடாமல் தடுப்பது சட்டத்திலேயே உள்ள ஓட்டை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் ‘உணவு’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், கால்நடைத் தீவனம் அதில் அடங்காது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. விளைவு என்ன? பால் வரம்பை மீறினால் ஆணையம் கேட்கலாம். அந்தப் பாலுக்குக் காரணமான புண்ணாக்குக் கிடங்குக்குள் நுழைய அதற்குத் தெளிவான வழி இல்லை. 2019இல் முடிவை வெளியிட்டபோது, நச்சு தீவனத்தின் வழியாக வருகிறது என்றும், நாட்டில் தீவனம் முறைப்படுத்தப்படவில்லை என்றும் ஆணையமே ஒப்புக்கொண்டது. பின்னர் கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தரக் குறியீட்டைக் கட்டாயமாக்க அது முயற்சி எடுத்ததும் உண்மை. ஆனால் அந்தத் தரநிலை மூட்டை கட்டி விற்கும் கலப்புத் தீவனத்தோடு நின்றுவிடும். நம் ஊர்களில் மாடு வைத்திருப்பவர் செக்கிலும் மண்டியிலும் சில்லறையாக வாங்கும் புண்ணாக்கையும், தவிட்டோடு கலந்து அவரே காட்டும் தீவனத்தையும் அது தொடுவதில்லை.

ஒரே சிக்கலை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகத் தீர்த்ததை 2013 காட்டியது. முந்தைய ஆண்டின் வறட்சியால் செர்பியாவின் மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு ஏறியிருந்தது. அங்கே பாலில் எம்1 வரம்பை மீறியபோது, அரசு பாலுக்கான வரம்பை 0.05இலிருந்து 0.5 ஆக உயர்த்தியது. அதே சோளம் ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலத்துக்கும் போய், தீவனமாக ஆயிரக்கணக்கான பண்ணைகளுக்கு விநியோகமாகியிருந்தது. அங்கே எந்தக் கப்பலின் சோளம் எந்த ஆலைக்கு, எந்த ஆலையின் தீவனம் எந்தப் பண்ணைக்குப் போனது என்று பதிவு இருந்தது. தீவனத்தை முடக்கினார்கள், பாதிக்கப்பட்ட பண்ணைகளின் பாலைச் சோதித்துத் தேறிய பிறகே வெளியே விட்டார்கள். ஒன்று எண்ணை மாற்றிய வழி, மற்றது தீவனத்தை மாற்றிய வழி. நாம் எடுக்க வேண்டிய வழி எது என்பதில் சந்தேகம் இருக்க முடியாது.

சிறு விவசாயியின் தலையில் இன்னொரு சுமையா என்பது எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம். தமிழ்நாட்டுப் பாலில் பெரும் பங்கு இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களிடமிருந்து, பெரும்பாலும் பெண்களின் உழைப்பிலிருந்து வருகிறது. தீவன விலை ஏற ஏற, மலிவான புண்ணாக்கைத் தேடுவது அவர்கள் குற்றமில்லை. அவர்களைத் தண்டிக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் பூஞ்சைத் தீவனத்தால் முதலில் நஷ்டப்படுவதும் அவர்கள்தாம். அது மாட்டின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும், கறவையைக் குறைக்கும், கல்லீரலைக் கெடுக்கும். ஆகவே கட்டுப்பாடு செக்குக்கும் மண்டிக்கும் தீவன ஆலைக்கும் உரியது. உதவி விவசாயிக்கு உரியது. அந்த உதவிக்குப் பெரிய செலவும் இல்லை. நிலக்கடலையை நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டுவது, மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் சுவரை ஒட்டாமல் அடுக்குவது, கட்டிதட்டியதையும் பூசணம் பூத்ததையும் மாட்டுக்குக் காட்டாமல் கொட்டிவிடுவது, தேவையான இடத்தில் நச்சை உறிஞ்சும் களிமண் வகைச் சேர்க்கையைத் தீவனத்தில் கலப்பது: இவையே முதல் தற்காப்பு. கூட்டுறவுச் சங்கங்கள் கொழுப்பையும் கொழுப்பில்லாத திடச்சத்தையும் அளந்து அதற்கேற்ப விலை கொடுக்கப் பழகியவை. எம்1 இருக்கிறதா என்று சில நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டைகள் இன்று கிடைக்கின்றன. சங்கத்தின் மொத்தப் பாலில் வாரம் ஒரு முறை அதைப் பார்த்து, நச்சு தெரிந்தால் அந்த ஊரின் தீவனத்தைத் தேடிப் போவது நடைமுறைக்கு எட்டாத காரியம் இல்லை. சுத்தமான பாலுக்கு லிட்டருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் மீதியை விவசாயியே பார்த்துக்கொள்வார்.

பாலுக்குச் சொன்னது இறைச்சிக்கும் முட்டைக்கும் மீனுக்கும் பொருந்தும். அதே 2018 ஆய்வில் 77 பால் மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறித்த நாள்கள் விற்காமல் ஒதுக்கினால் இது நேராது. அதுவும் தொழுவத்தில் எடுக்க வேண்டிய முடிவே. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட ‘சென்னைப் பிரகடனம்’ ஆன்டிபயாடிக்குகள் செயலிழந்துவருவதை நாட்டுக்கு உரக்கச் சொன்னது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்து, கோழிகள் சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்டுவந்தது. சென்னையில் வாங்கிய உணவு மாதிரிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் இருப்பதைச் சென்னை, வேலூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. 2025இல் குளோராம்ஃபெனிகாலும் நைட்ரோஃபியூரான்களும் அதே பட்டியலில் சேர்ந்தன. தீவனத்தைத் தொட்டால் மனித மருத்துவமனையில் பலன் கிடைக்கும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. மருந்துக்கு ஏற்றதைப் பூஞ்சை நச்சுக்கும் ஏற்க வேண்டும் என்பதே கோரிக்கை.

இதற்கு வேண்டிய அறிவு சென்னைக்கு அந்நியமும் இல்லை. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலிருந்து இயங்குகிறது. 1989இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கென்று நாட்டில் எழுந்த முதல் பல்கலைக்கழகம். மாதவரம் பால்பண்ணை வளாகத்தில் தீவனத்தையும் உணவையும் சோதிக்கும் ஆய்வகம் அதன்கீழ் இருக்கிறது. நாமக்கல் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே தனி ஆய்வகம் உண்டு. கிண்டி கிங் ஆய்வு நிலைய வளாகத்தில் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு. தீவனத்தைப் பார்ப்பவர்கள் மாதவரத்தில், பாலைப் பார்ப்பவர்கள் கிண்டியில், நோயாளியைப் பார்ப்பவர்கள் மருத்துவமனையில் என்று மூன்று துறைகள் மூன்று செயலகக் கோப்புகளாகப் பிரிந்து கிடக்கின்றன. பாலில் நச்சு தெரிந்த அன்றே அது எந்தச் சங்கத்துப் பால், அந்த ஊரில் எந்த மண்டியின் புண்ணாக்கு என்று மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும். கால்நடை மருத்துவரை மாட்டு வைத்தியர் என்ற அளவில் நிறுத்திவிடாமல், பொதுச் சுகாதாரத்தின் முன்வரிசையில் உட்கார வைக்கும் மனமாற்றமும் அரசுக்கு வேண்டும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. திருவான்மியூர், மயிலாப்பூர் போன்ற கோயில் சார்ந்த பகுதிகளில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது நல்ல வழக்கம். பூசணம் பூத்த ரொட்டியையும் கெட்டுப்போன கடலையையும் ‘மாடு தின்னட்டும்’ என்று போடுவது நம் பாலில் நாமே நச்சு ஊற்றுவதற்குச் சமம். அதை நிறுத்துவோம். பால் கலப்படம் பற்றிக் கேட்கும்போதெல்லாம், இந்தப் பாலில் ஆஃப்ளடாக்சின் எம்1 சோதிக்கப்படுகிறதா, முடிவு எங்கே வெளியிடப்படுகிறது என்று ஆவினையும் தனியார் நிறுவனங்களையும் ஒருசேரக் கேட்போம். உணவுப் பாதுகாப்பு வரம்புக்குள் கறவை மாட்டுத் தீவனத்தைக் கொண்டுவரும்படி மத்திய அரசை வற்புறுத்தவும், செக்கிலும் மண்டியிலும் புண்ணாக்கைச் சோதிக்கத் தன் அளவில் ஓர் ஆணை பிறப்பிக்கவும் தமிழ்நாடு அரசால் முடியும். தீவனம் மாறிய நான்காம் நாளே பால் மாறிவிடும் என்கிறது அறிவியல். இவ்வளவு விரைவில் தீரக்கூடிய ஒரு கேட்டைத் தீர்க்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதற்குச் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை.